ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே: வாசகர் கேள்வி – பதில்

கே: புதிதாக வாங்கிய ஸ்பீக்கரின் பின்பக்கம் நான்கு டெர்மினல் இருக்கிறது. மேலே ஒரு சிவப்பு, கறுப்பு. கீழே ஒரு சிவப்பு, கறுப்பு. மேலதையும் கீழதையும் பித்தளைத் தகடு இணைக்கிறது. "தகட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு இரண்டு ஜோடி வயர் இழுங்கள். பாடுகிறவர் எழுந்துவந்து எதிரே உட்கார்ந்த மாதிரி இருக்கும்" என்றார் விற்றவர். இழுக்கட்டுமா சார்?

ப: தாராளமாக இழுங்கள், எதுவும் கெட்டுப்போகாது. பாடுகிறவர் எழுந்து வருவாரா என்பது வேறு விஷயம்.

பெட்டிக்குள் இருக்கும் கிராஸ்ஓவர், அதாவது ஒலியை அலைவரிசைப்படி பிரிக்கும் சுற்று, இரண்டு கிளையாகப் பிரிகிறது. தாழ்ந்த ஒலி தரும் ஊஃபருக்குப் போகும் கிளையில் ஒரு காயில் உட்கார்ந்துகொண்டு மேல் அலைவரிசையை மறிக்கிறது. உயர்ந்த ஒலி தரும் ட்வீட்டருக்குப் போகும் கிளையில் ஒரு கப்பாசிட்டர் கீழ் அலைவரிசையை மறிக்கிறது. இந்த இரண்டு கிளையும் எங்கேயோ ஓரிடத்தில் சேர்ந்தாக வேண்டும், ஏனென்றால் ஆம்ப் ஒன்றுதான். தகடு இருந்தால் ஸ்பீக்கரின் முதுகில் சேர்கின்றன. தகட்டைக் கழற்றி இரண்டு ஜோடி இழுத்தால் ஆம்ப்பின் முதுகில் சேர்கின்றன. பை-வயரிங் என்று பெரிய எழுத்தில் அச்சடிக்கிறார்களே, அதில் நடப்பது இவ்வளவுதான். சந்திக்கிற புள்ளி வயரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகர்கிறது.

நகர்ந்தால் லாபம் உண்டா? கொஞ்சம் கணக்குப் போடலாம். 2.5 சதுர மி.மீ. தாமிர வயர், 3 மீட்டர் தூரம். போக வர 6 மீட்டர். ஒரு மீட்டருக்கு 0.0069 ஓம் வீதம் மொத்தம் 0.04 ஓம் சொச்சம். பலமான ஒரு டிரம் அடியில் 3 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 8 ஓம் ஸ்பீக்கரில் அது 24 வோல்ட். வயரில் நஷ்டமாவது 0.12 வோல்ட். ஒரே வயரில் எல்லாம் போகும்போது அந்த 0.12 வோல்ட் ஏற்ற இறக்கம் ட்வீட்டர் கிளைக்கும் தெரியும். ஆனால் அதுவும் அதே டிரம்மின் தாழ்ந்த அலைவரிசைதான், அதைத்தான் அங்கே கப்பாசிட்டர் மறித்துக்கொண்டிருக்கிறது. மிஞ்சுவது, ஊஃபர் தானே உண்டாக்கும் சிதைவு. ஓட்டத்தில் ஒரு சதவீதம் சிதைவு என்று தாராளமாக வைத்தாலும் ட்வீட்டர் பக்கம் எட்டிப்பார்ப்பது 0.0012 வோல்ட். 24 வோல்ட்டுக்கு எதிரே அது 86 டெசிபல் கீழே. அந்த டிரம் அடிக்கு நடுவே இதைப் பிரித்துக் கேட்கிற காது எனக்கில்லை.

இன்னொன்றை விற்றவர் சொல்லியிருக்க மாட்டார். உங்களிடம் 1.5 சதுர மி.மீ. வயர் இரண்டு ஜோடி இருக்கிறது என்று வையுங்கள். பை-வயரிங் செய்தால் ஊஃபருக்குக் கிடைப்பது 1.5 மட்டும். தகட்டைக் கழற்றாமல், இரண்டு ஜோடியையும் சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு சேர்த்து முறுக்கிப் போட்டால் ஊஃபருக்கு 3 சதுர மி.மீ. கிடைக்கும். அதிகக் கரண்ட் ஓடுவது ஊஃபருக்குத்தான். நான் இரண்டாவதைத்தான் செய்வேன்.

கே: தகடு இருக்கும்போது ஒரே ஜோடி வயரை மேல் டெர்மினலில் மாட்டுவதா, கீழா?

ப: எதில் வேண்டுமானாலும். தகடு இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரு பக்கத்து ட்வீட்டர் ஊமையாகிவிட்டது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு சர்வீசுக்கு வருகிறவர்களில் பலருக்கு நான் செய்யும் வேலை இந்தத் திருகை இறுக்குவதுதான். ஸ்பீக்கரை நகர்த்தித் துடைக்கும்போது குமிழ் தளர்ந்துவிடும். தகடு தொட்டும் தொடாமலும் நிற்கும். விரலால் தகட்டை அழுத்திப் பார்த்தால் ட்வீட்டர் உயிர் பெற்று மறுபடி சாகும். அப்படியானால் ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

கே: எவ்வளவு தடிமன் வயர் போடலாம்? இடது ஸ்பீக்கர் 5 மீட்டர், வலது 2 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒரே நீளமாக வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒலி முன்னே பின்னே வந்து சேரும் என்கிறான் தம்பி.

ப: தம்பிக்குச் சொல்லுங்கள்: வயரில் சிக்னல் ஓடும் வேகம் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேல். 3 மீட்டர் வித்தியாசத்தைக் கடக்க ஒரு விநாடியின் கோடியில் ஒரு பங்கு கூட முழுசாக வேண்டாம். நாற்காலியில் நீங்கள் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தாலே அதைவிடப் பல்லாயிரம் மடங்கு தாமதம் வந்துவிடும். தேவையான நீளத்துக்கு வெட்டுங்கள்.

தடிமனுக்கு நான் வைத்துக்கொள்ளும் வரம்பு: போக வர சேர்த்து வயரின் ரெசிஸ்டன்ஸ், ஸ்பீக்கரின் ஓம் கணக்கில் ஐந்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4, 4 ஓமுக்கு 0.2. உங்கள் 5 மீட்டருக்கு 0.75 சதுர மி.மீ. போட்டால் 0.23 ஓம் வரும். 8 ஓமுக்குத் தேறும், 4 ஓமுக்குத் தேறாது. 1.5 போட்டால் 0.115, 2.5 போட்டால் 0.07. வீட்டுக்குள் 2.5-ஐத் தாண்ட வேண்டிய தேவை அபூர்வம்.

ஆனால் வாங்குகிற வயர் உண்மையில் தாமிரம்தானா என்று பாருங்கள். அலுமினியத்தின் மேல் தாமிர முலாம் பூசி வருவது நிறைய இருக்கிறது. அதே தடிமனில் அதன் ரெசிஸ்டன்ஸ் சுமார் ஒன்றரை மடங்கு. நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். ஈயம் பூசிய நல்ல தாமிர வயரும் வெள்ளையாகத்தான் இருக்கும், அதைச் சுரண்டினால் உள்ளே சிவப்பு வரும். கையில் தூக்கினாலும் தெரிந்துவிடும், அலுமினியம் லேசு.

கே: வீட்டில் ஒரு 50 வாட் ஆம்ப்பும் ஒரு 100 வாட் ஆம்ப்பும் சும்மா கிடக்கின்றன. ஒன்றை ட்வீட்டருக்கும் ஒன்றை ஊஃபருக்கும் கொடுத்து பை-ஆம்பிங் செய்தால் 150 வாட் கிடைக்குமா?

ப: கிடைக்காது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே பேசலாம்.

எதற்கும் முன்னால் தகட்டைக் கழற்றுங்கள். நான்கையும் கழற்றி, டப்பாவில் போட்டு, கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். தகடு இருக்கும்போதே இரண்டு ஆம்ப்பை மாட்டினால் ஒன்றின் வெளியீடும் மற்றதன் வெளியீடும் நேருக்கு நேர் மோதும். இரண்டில் கொஞ்சம் வோல்டேஜ் வித்தியாசம் இருந்தாலும் ஒன்றிலிருந்து மற்றதுக்குள் கரண்ட் பாயும், நடுவில் தடுக்க எதுவும் இல்லை. அப்படி வந்த ஒரு ஆம்ப்பைத் திறந்தபோது வெளியீட்டு டிரான்சிஸ்டர் பக்கத்திலிருந்த வெள்ளைப் பீங்கான் ரெசிஸ்டர் நடுவில் பிளந்திருந்தது. கீழே போர்டு வட்டமாகக் கறுத்திருந்தது. கொண்டுவந்தவர் "பாட்டுகூடப் போடவில்லை சார், சுவிட்ச்தான் போட்டேன்" என்றார். சொன்னது நிஜம்தான், பாட்டு வேண்டியதில்லை.

அடுத்தது இரண்டு ஆம்ப்பும் ஒரே அளவு பெருக்குகின்றனவா என்பது. வாட் கணக்கு வேறு, பெருக்கம் வேறு. ஊஃபர் ஆம்ப் 26 டெசிபல் பெருக்கி, ட்வீட்டர் ஆம்ப் 29 டெசிபல் பெருக்கினால் ட்வீட்டர் பக்கம் 3 டெசிபல் தூக்கலாக இருக்கும். அதைக் கேட்டுவிட்டு "என்ன தெளிவு, என்ன தெளிவு" என்று முதல் வாரம் புளகாங்கிதம், இரண்டாவது வாரம் தலைவலி. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 100 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை இரண்டுக்கும் கொடுத்து, வெளியீட்டில் மல்டிமீட்டர் வைத்து அளந்து சரிசெய்யுங்கள். (கண்ணாடிக் குழாய் வைத்த வால்வ் ஆம்ப்பாக இருந்தால் ஸ்பீக்கரைக் கழற்றி ஓட்டாதீர்கள், அது வேறு கதை, கீழே வருகிறது.) இன்டகிரேட்டட் ஆம்ப் இரண்டாக இருந்து, ஒன்றில் ப்ரீ-அவுட்டும் (வால்யூம் குமிழைத் தாண்டிய சிக்னலை வெளியே எடுக்கும் துளை) மற்றதில் மெயின்-இன்னும் (குமிழைத் தொடாமல் நேரே பவர் பகுதிக்குள் கொடுக்கும் துளை) இல்லையென்றால் இரண்டு வால்யூம் குமிழைச் சேர்த்துத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பொறுமை யாருக்கும் ஒரு மாதத்துக்கு மேல் நிற்காது.

இப்போது வாட் விஷயம். ஸ்பீக்கருக்குள் இருக்கும் கிராஸ்ஓவரை அப்படியே விட்டுவிட்டு இரண்டு ஆம்ப் மாட்டினால், பிரிப்பது ஆம்ப்புக்குப் பிறகுதான் நடக்கிறது. இரண்டு ஆம்ப்புக்குள்ளும் முழுப் பாட்டும் போகிறது. ட்வீட்டர் ஆம்ப்பும் டிரம்மின் முழு வோல்டேஜையும் தூக்கித்தான் ஆக வேண்டும், கரண்ட் மட்டும் குறைவு. ஆகவே உங்கள் 50 வாட் ஆம்ப் எந்த வோல்டேஜில் முட்டுமோ அதே வோல்டேஜில்தான் முட்டும். கிடைக்கும் லாபம், பவர் சப்ளை மேல் பாரம் கொஞ்சம் குறைவது. அதற்கு இவ்வளவு கம்பி வேண்டுமா?

நிஜமான லாபம் வேண்டுமென்றால் பிரிப்பதை ஆம்ப்புக்கு முன்னால் கொண்டுவர வேண்டும். ஆக்டிவ் கிராஸ்ஓவர் என்பது அதுதான். தாழ்ந்த ஒலிக்கு 20 வோல்ட் உச்சம், உயர்ந்த ஒலிக்கு 20 வோல்ட் உச்சம் என்று வையுங்கள். இரண்டும் ஒரே ஆம்ப்பில் சேர்ந்தால் உச்சம் 40 வோல்ட் தொடும். 8 ஓமில் அதற்கு 100 வாட் ஆம்ப் வேண்டும். தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் 20 வோல்ட் போதும், அது 25 வாட். இரண்டு 25 வாட் ஆம்ப் சேர்ந்து ஒரு 100 வாட் ஆம்ப்பின் வேலையைச் செய்கின்றன. பாட்டு எப்போதும் இப்படிச் சரிபாதியாகப் பிரியாது, ஆனாலும் கணக்கின் திசை இதுதான். ஊஃபருக்கும் ஆம்ப்புக்கும் நடுவே காயில் எதுவும் நிற்பதில்லை என்பது இன்னொரு வசதி.

1976-ல் சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய லிங்க்விட்ஸ்-ரைலி வடிகட்டியைத்தான் இன்றைக்கும் பெரும்பாலான ஆக்டிவ் கிராஸ்ஓவர்களில் பார்க்கிறீர்கள். ஆக்டேவுக்கு, அதாவது அலைவரிசை இரட்டிப்பாகும் ஒவ்வொரு படிக்கும், 24 டெசிபல் சரிவு. அந்தப் பெட்டியை வாங்கினால் மட்டும் போதாது. உங்கள் ஸ்பீக்கரின் உள் கிராஸ்ஓவர் பிரிப்பதோடு நிற்பதில்லை, ட்வீட்டரை அடக்குவது, மேடு பள்ளத்தைச் சமன் செய்வது எல்லாம் அதில்தான் இருக்கும். அதைப் பிடுங்கிவிட்டால் அத்தனையையும் நீங்களே மைக் வைத்து அளந்து திரும்பச் செய்ய வேண்டும். ஆர்வமும் நேரமும் இருந்தால் இதைவிட இனிமையான வேலை இல்லை. இல்லாவிட்டால் கைவைக்காதீர்கள். செய்கிறவர்கள் ட்வீட்டருக்கு முன்னால் ஒரு கப்பாசிட்டரைப் போடுங்கள். 8 ஓம் ட்வீட்டருக்கு 40 மைக்ரோஃபாரட் போட்டால் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் மறிக்கும், 2,500 ஹெர்ட்ஸில் பிரிக்கிற ஸ்பீக்கரின் ஒலியில் பெரிதாகத் தலையிடாது. ஆம்ப் போடும்போது வரும் 'டப்' சத்தத்திலிருந்து ட்வீட்டரைக் காப்பாற்றும்.

கே: என் ஏ.வி. ரிசீவரில் 'பை-ஆம்ப்' என்றே மெனுவில் இருக்கிறது. போடலாமா?

ப: உபரிச் சேனல் சும்மா கிடந்தால் போடுங்கள். எல்லாச் சேனலுக்கும் உள்ளே ஒரே டிரான்ஸ்ஃபார்மர்தான், அதனால் அற்புதம் எதிர்பார்க்க வேண்டாம். தகட்டைக் கழற்ற மறக்காதீர்கள்.

கே: கையளவு கிளாஸ்-டி ஆம்ப் ஒன்று வாங்கினேன். வயர் மிச்சம் பிடிக்க இரண்டு ஸ்பீக்கரின் கறுப்பையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே வயராகக் கொண்டுவந்தேன், பழைய ஆம்ப்பில் அப்படித்தான் ஓடியது. இதில் போட்டதும் அணைந்துவிடுகிறது.

ப: அணைந்துவிட்டதே, அது உங்கள் அதிர்ஷ்டம். பழைய ஆம்ப்பில் கறுப்பு டெர்மினல் இரண்டும் உள்ளே கிரவுண்டில்தான் சேர்ந்திருந்தன, வெளியே சேர்த்தாலும் பெரிய வித்தியாசமில்லை. சின்ன கிளாஸ்-டி ஆம்ப்கள் பலவும் பிரிட்ஜ் முறையில் ஓடுகின்றன. சிவப்பில் வோல்டேஜ் ஏறும்போது கறுப்பில் இறங்கும். இரண்டுமே உயிருள்ள முனை, எதுவும் கிரவுண்ட் அல்ல. இடதின் கறுப்பையும் வலதின் கறுப்பையும் சேர்ப்பது இரண்டு ஆம்ப்பை ஷார்ட் செய்வதற்குச் சமம். நான்கு முனைக்கும் நான்கு தனி வயர் கொண்டுவாருங்கள். பொது மைனஸ் வைத்த ஸ்பீக்கர் செலக்டர் பெட்டியையும் இதில் மாட்டாதீர்கள்.

இதே காரணத்தால், ஸ்டீரியோ ஆம்ப்பை பிரிட்ஜ் செய்து ஒரு ஸ்பீக்கருக்குக் கொடுக்க நினைப்பவர்களும் கவனியுங்கள். வோல்டேஜ் இரட்டிப்பாகும், ஏட்டுக் கணக்கில் வாட் நான்கு மடங்காகும். ஆனால் 8 ஓம் ஸ்பீக்கர் ஒவ்வொரு சேனலுக்கும் 4 ஓமாகத் தெரியும், 4 ஓம் ஸ்பீக்கர் 2 ஓமாகத் தெரியும். 2 ஓமைத் தாங்குகிற வீட்டு ஆம்ப் குறைவு.

கே: ஆம்ப்பின் பின்னால் ஏ, பி என்று இரண்டு வரிசை. முன்கூடத்தில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர், படிக்கும் அறையில் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர். இரண்டையும் ஒன்றாகப் போடலாமா?

ப: பெரும்பாலான ஆம்ப்பில் ஏ-யும் பி-யும் பேரலலாகச் சேரும். 8-ம் 4-ம் பேரலலில் 2.67 ஓம். பின்பக்கம் "ஏ + பி: 8 ஓமுக்கு மேல்" என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள், படித்துப் பாருங்கள். அதற்கு அர்த்தம் ஒவ்வொரு ஸ்பீக்கரும் 8 ஓமாவது இருக்க வேண்டும் என்பது. இன்னும் ஒன்று, 4 ஓம் என்று எழுதியிருப்பது பெயருக்குத்தான். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐ.இ.சி. 60268-5 தரப்படி எழுதிய அளவின் 80 சதவீதம் வரை எங்கேயாவது இறங்கலாம், அதாவது 3.2 ஓம். எல்லாத் தயாரிப்பாளரும் அதைக்கூட மதிப்பதில்லை.

சீரீஸில் போட்டால் ஓம் கூடும், ஆம்ப் பிழைக்கும், ஆனால் ஒலி கெடும். ஊஃபரின் ஒத்திசைவு அலைவரிசையில் ஓம் 30, 40 என்று ஏறிவிடும். சீரீஸில் இருக்கும் இரண்டு வெவ்வேறு ஸ்பீக்கரும் ஒன்றின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப மற்றதன் வோல்டேஜைத் தின்னும். வெவ்வேறு மாடல் ஸ்பீக்கர்களை சீரீஸில் போடவே போடாதீர்கள். இரவில் ஏ, பகலில் பி என்று மாற்றிக் கேளுங்கள்.

கே: வால்வ் ஆம்ப்பில் 4, 8, 16 என்று முனைகள். என் ஸ்பீக்கர் 6 ஓம். எதில் மாட்டுவது?

ப: 4-லும் கேளுங்கள், 8-லும் கேளுங்கள். எது பிடிக்கிறதோ அதில் விடுங்கள், இரண்டிலும் ஆபத்தில்லை. ஸ்பீக்கர் இல்லாமல் வால்யூமை ஏற்றுவதுதான் ஆபத்து. டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்கு ஷார்ட் எமன், வால்வ் ஆம்ப்புக்கு வெறும் முனை எமன். பாரம் இல்லாதபோது வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி, சுற்றின் இன்சுலேஷனைத் துளைத்துவிடும்.

கே: எல்லாம் சரியாக மாட்டியும் பாட்டு நடுவில் நிற்காமல் காதைச் சுற்றி எங்கேயோ மிதக்கிறது. பேஸ் காணாமல் போய்விட்டது.

ப: ஒரு பக்கம் சிவப்பும் கறுப்பும் மாறிவிட்டது. ஒரு ஊஃபர் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கிறது, பேஸ் ஒன்றை ஒன்று தின்றுவிடுகிறது. வயரில் கோடு, எழுத்து எதுவும் இல்லாமல் குழப்பமாக இருந்தால் ஆம்ப் பக்கம் கழற்றிவிட்டு 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை எடுங்கள். பிளஸை சிவப்புக்குப் போகும் வயரில் வைத்து, மைனஸை மற்றதில் ஒரு நொடி மட்டும் தொடுங்கள். ஊஃபரின் கூம்பு வெளியே வர வேண்டும். உள்ளே போனால் மாறியிருக்கிறது.

இந்தச் சோதனையை ஊஃபரோடு நிறுத்துங்கள். பெட்டியைத் திறந்து ட்வீட்டரின் வயர் தலைகீழாக இருக்கிறதே என்று "திருத்தி" வைப்பவர்கள் உண்டு. ஆக்டேவுக்கு 12 டெசிபல் சரிவுள்ள கிராஸ்ஓவரில் பிரியும் இடத்தில் இரண்டுக்கும் 180 டிகிரி வித்தியாசம் வரும், அதனால் தெரிந்தேதான் ட்வீட்டரைத் தலைகீழாக மாட்டுகிறார்கள்.

மாட்டி முடித்ததும் டெர்மினலைப் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். முறுக்கிய வயரிலிருந்து முடி மாதிரி ஒரே ஒரு இழை விலகிப் பக்கத்து டெர்மினலைத் தொட்டுக்கொண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. வால்யூம் குறைவாக இருக்கும்வரை ஆம்ப் பொறுத்துக்கொள்ளும், ஏற்றும்போது புரொடெக்‌ஷன் ரிலே 'டிக்' என்று விழும். வெட்டிய நுனியை மறுபடி முறுக்கி மாட்டுங்கள், அல்லது பனானா பிளக் போடுங்கள்.

கே: டேம்பிங் ஃபேக்டர் 500 உள்ள ஆம்ப்புக்கு மாறினால் பேஸ் இறுகுமா?

ப: டேம்பிங் ஃபேக்டர் என்பது ஸ்பீக்கரின் ஓமை ஆம்ப்பின் உள் ரெசிஸ்டன்ஸால் வகுத்து வரும் எண். 8 ஓமை 500-ஆல் வகுத்தால் 0.016 ஓம், அது ஆம்ப்பின் உள் ரெசிஸ்டன்ஸ். 5 மீட்டர் 1.5 சதுர மி.மீ. வயர் அதோடு 0.115 சேர்க்கிறது. இப்போது 500 என்பது 61 ஆகிவிட்டது. அதே சுற்றில் ஊஃபர் காயிலின் சொந்த ரெசிஸ்டன்ஸ் 6 ஓம் உட்கார்ந்திருக்கிறது, அதை எந்த ஆம்ப்பும் அசைக்க முடியாது. பேஸ் இறுக வேண்டுமென்றால் முதலில் ஸ்பீக்கரை அறை மூலையிலிருந்து வெளியே இழுத்துப் பாருங்கள்.

கே: பழைய இதழ் ஒன்றில், இரண்டு சேனலின் சிவப்புக்கும் நடுவே மூன்றாவது ஸ்பீக்கர் மாட்டிப் பின்னால் வைக்கலாம் என்று படம் போட்டிருந்தார்கள். அச்சுப்பிழையா?

ப: பிழையில்லை. டைனகோ நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் ஹாஃப்லரின் பெயரில் வழங்கும் சுற்று அது. இரண்டு சிவப்புக்கும் நடுவே மாட்டிய ஸ்பீக்கருக்கு இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் கேட்கும். நடுவில் நிற்கும் பாடகர் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருப்பதால் அதில் காணாமல் போவார். கைதட்டலும் மண்டப எதிரொலியும் மட்டும் பின்னாலிருந்து வரும். நேரடிக் கச்சேரிப் பதிவுகளுக்கு அருமையாக இருக்கும். மோனோ பதிவு போட்டால் அந்த ஸ்பீக்கர் வாயே திறக்காது. 8 ஓமுக்குக் குறையாத ஸ்பீக்கரை மாட்டுங்கள். இரண்டு சேனலுக்கும் கறுப்பு பொதுவாக உள்ள பழைய வகை ஆம்ப்பில் மட்டும் செய்யுங்கள், மேலே சொன்ன கிளாஸ்-டி ஆம்ப்பில் வேண்டாம்.